மூன்று புலிகளும் ஒரு முயல் கூட்டமும்: முறை வைத்து ஆடும் வீடியோ கேம் என்றால் என்ன?

திரையில் மாரியோ ஒரு கல் தடுப்பின் பின்னால் குனிந்து நிற்கிறார். எதிரில் முயல் காதுகளோடு இரண்டு உருவங்கள், கையில் துப்பாக்கி வைத்திருக்கின்றன. எந்தப் பட்டனை எவ்வளவு வேகமாக அழுத்த வேண்டுமோ என்ற பதற்றத்தில் நான் கண்ட்ரோலரை இறுகப் பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் போனது. யாரும் சுடவில்லை, யாரும் நகரவும் இல்லை.

“ஏன்டா எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க? ஹேங் ஆயிடுச்சா?”

“இல்ல அத்தை, இது உங்க டெர்ன். நீங்க ஆடுற வரைக்கும் அவங்க வெயிட் பண்ணுவாங்க.”

அண்ணன் மகனுக்குப் பத்து வயது. மலேசியாவில், பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி வீடு. பள்ளி விடுமுறைக்கு இங்கே வரும்போது துணிமணியை மறந்தாலும் நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை மறக்க மாட்டான். அன்று வெளியே நல்ல மழை. நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் இரண்டு பேருக்கும் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாரியோ அதே தடுப்பின் பின்னால் இருக்கிறார், முயல்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அந்த நிமிடமே இந்த ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது.

வீடியோ கேம் என்றாலே விரல் வேகம், அது பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் அத்தை, மாமா, தாத்தா, பாட்டி எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். ஆட்டத்தின் பெயர் ‘மாரியோ + ராபிட்ஸ்: கிங்டம் பேட்டில்’. 2017 ஆகஸ்ட் 29 அன்று ஸ்விட்ச் கருவிக்காக வெளிவந்தது. வந்து சில வருடம் ஆகிவிட்டது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் மூன்று சொற்கள் இருக்கின்றன: டெர்ன் பேஸ்டு, கிராஸ்ஓவர், ஆர்பிஜி. மூன்றையும் ஒரே இடத்தில் விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது இந்த ஆட்டம்தான்.

முறை என்றால் என்ன

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மத்தியானம் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் கரிக்கட்டையால் கோடு கிழிப்பார். நடுவில் முக்கோணம், குறுக்கே கோடுகள், கோடுகள் வெட்டும் இடமெல்லாம் புள்ளிகள். ரப்பர் கொட்டைகள் பதினைந்து, அவை ஆடுகள். பாட்டில் மூடிகள் மூன்று, அவை புலிகள். தமிழ்நாட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடியதை இங்கே வந்தவர்கள் ரப்பர் கொட்டை வைத்து ஆடினார்கள்.

ஆடு புலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு முறை வைத்து ஆடுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை. நான் ஓர் ஆட்டை வைக்கிறேன், பாட்டி ஒரு புலியை நகர்த்துகிறார். பாட்டி யோசிக்கும்போது என் ஆடுகள் எங்கேயும் ஓடிவிடாது. நான் யோசிக்கும்போது புலியும் பாயாது. வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்ள நேரம் இருக்கும். ஆட்டத்தில் இருக்கும் வேகமெல்லாம் மண்டைக்குள்தான்.

இதற்கு எதிரான வகையை விளக்க எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஆடும் சோங்காக் உதவும். நம் பல்லாங்குழிக்கு உறவு அது. குழிகளில் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிற ஆட்டம். அதில் தொடக்கத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட ஆரம்பிக்கும் வழக்கம் உண்டு. கைகள் பின்னிக்கொள்ளும், ஒரே சத்தமாக இருக்கும், வேகமான கைக்குத்தான் அப்போது லாபம். ஒருவர் கொட்டை தீர்ந்து நின்றதும் முறை ஆரம்பமாகிவிடும்: அவர் ஒரு தரம், இவர் ஒரு தரம். அந்த முதல் பரபரப்பைத்தான் வீடியோ கேம்காரர்கள் ‘ரியல் டைம்’ என்கிறார்கள். பிறகு வரும் நிதானம் ‘டெர்ன் பேஸ்டு’. இரண்டும் ஒரே ஆட்டத்துக்குள்ளேயே இருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பெயர்தான் தெரியாமல் இருந்தது.

கணினி விளையாட்டுக்குள் இந்த நிதானம் மேசையில் இருந்துதான் வந்தது. 1974இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் எடுத்து, தாயக்கட்டை மாதிரிப் பல பக்கம் உள்ள கட்டைகளை உருட்டி, கதை சொல்லிக்கொண்டே ஆடுவது. அடி பட்டதா, எவ்வளவு பட்டது என்று கணக்குப் போட ஒருவர் வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளை வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஜப்பானில் 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’, 1987இல் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வந்தபோது இந்த வகை வீட்டுத் தொலைக்காட்சிக்கே வந்துவிட்டது. ‘அடி’, ‘மந்திரம்’, ‘மருந்து’ என்று ஒரு பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது நடக்கும். பிறகு எதிரியின் முறை.

இன்னொரு கிளையும் உண்டு. அங்கே பட்டியலைவிடப் பலகை முக்கியம். தரையில் கட்டங்கள் இருக்கும். யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதை வைத்தே பாதிச் சண்டை முடிவாகும். 1990இல் தொடங்கிய ‘ஃபயர் எம்ப்ளம்’ இந்தக் கிளைதான். வேற்றுக்கிரகவாசிகளோடு மோதும் ‘எக்ஸ்காம்’ ஆட்டங்களும் அப்படியே. கிங்டம் பேட்டிலும் இதே கிளையில் காய்த்தது. பாட்டியின் கரிக்கோட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கலந்து ஊற்றுவது

கிராஸ்ஓவர் என்பதற்கு அகராதியைத் தேட வேண்டாம். பினாங்குக்காரர்கள் ஒரு நாசி கண்டார் கடைக்குப் போனால் போதும்.

ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு தாங்கி, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டு ஜார்ஜ்டவுன் தெருக்களில் விற்ற சாப்பாடு அது. அந்தக் கம்புதான் கண்டார். இன்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சட்டி சட்டியாக இருக்கிறது. கோழிக் குழம்பு ஒரு சட்டி, மீன் குழம்பு ஒரு சட்டி, சோத்தோங் என்கிற கணவாய் ஒரு சட்டி. பாயிடம் “குவா சம்புர்” என்று சொன்னால், கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, இன்னும் ஏதோ ஒன்றில் கொஞ்சம் என்று சோற்றின் மேல் ஊற்றுவார். தட்டில் வந்து சேர்வது எந்தச் சட்டியிலும் இல்லாத சுவை. சட்டியில் இருக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனி. தட்டில்தான் சந்திக்கின்றன.

கிராஸ்ஓவர் ஆட்டமும் இதேதான். வேறு வேறு சட்டியில் வெந்த பாத்திரங்களை ஒரே தட்டில் கொண்டுவருவது. 2012இல் ஜப்பானில் வந்த ‘புராஜெக்ட் எக்ஸ் ஜோன்’ ஆட்டத்தில் நாம்கோ பண்டாய், காப்காம், செகா என்று மூன்று நிறுவனங்களின் நாயகர்கள் ஒன்றாகச் சண்டை போட்டார்கள். முகங்களை வரிசையாக நிறுத்துவது சுலபம். குழம்பு கலக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தின் இரண்டு சட்டிகளையும் பார்ப்போம். மாரியோ ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்துப் பிள்ளை. 1981இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்தில் முதலில் தலைகாட்டினார். ஓடுவார், தாவுவார், எதிரி தலையில் குதிப்பார். ராபிட்கள் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனத்துப் பிள்ளைகள். 2006இல் ‘ரேமேன் ரேவிங் ராபிட்ஸ்’ ஆட்டத்தில் பிறந்தவை. வெள்ளை முயல் உருவம், நீலக் கண், எதைப் பார்த்தாலும் “ப்வாஆஆ” என்று கத்தல். அறிவு கொஞ்சம், ஆர்வம் அதிகம். ஒரு வீட்டுக்குள் விட்டால் பத்து நிமிடத்தில் வீட்டைத் தலைகீழாக்கிவிடும்.

கதை இப்படிப் போகிறது. கண்டுபிடிப்புகளில் ஆர்வமுள்ள ஒரு பெண், எந்த இரண்டு பொருளையும் ஒன்றாக இணைக்கும் ஒரு தலைக்கவசம் செய்து வைத்திருக்கிறாள். அவள் அறை முழுக்க மாரியோ சாமான்கள். காலம் கடக்கும் சலவை இயந்திரத்தில் வந்து இறங்கும் ராபிட் கூட்டத்தில் ஒன்று அந்தக் கவசத்தை மாட்டிக்கொள்கிறது. பார்ப்பதையெல்லாம் இணைக்கிறது. எல்லோரும் சேர்ந்து மாரியோவின் காளான் ராஜ்யத்துக்குள் போய் விழுகிறார்கள். அப்புறம் அங்கே எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு ராபிட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளை விழுங்கும் செடியோடு ராபிட், பெரிய குரங்கோடு ராபிட். ஆக, கலப்பு என்பது இந்தக் கதையில் வெறும் விளம்பரச் சொல்லாக நிற்கவில்லை. கதையின் வில்லங்கமே அதுதான். இரண்டு குடும்பங்களை ஏன் சேர்த்தீர்கள் என்று யாரும் கேட்பதற்கு முன்னால், சேர்த்ததால் வந்த குழப்பத்தையே கதையாக்கிவிட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது.

நாம் ஆட்டுவிக்கும் பாத்திரங்கள் மொத்தம் எட்டு. மாரியோ, லூயிஜி, இளவரசி பீச், யோஷி நான்கு பேர். அந்த நான்கு பேரின் சாயலில் நான்கு ராபிட்கள். ராபிட் பீச் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செல்லம். இளவரசியின் தலைமுடி, இளவரசியின் உடை, கையில் கைப்பேசி. உலகமே இடிந்து விழுந்தாலும் ஒரு செல்ஃபி எடுக்காமல் நகர மாட்டாள். சண்டையில் மற்றவர்களின் காயத்தை ஆற்றுவதும் அவள்தான்.

குழம்பு உண்மையிலேயே கலந்திருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி தாவல். தாவுவது மாரியோ குடும்பத்துச் சொத்து. இந்த ஆட்டத்தில் யாரும் நினைத்தபடி தாவ முடியாது. ஒரு தோழன் நிற்கும் கட்டத்துக்குப் போனால் அவன் உங்களைத் தூக்கி எறிவான், தூரத்தில் போய் இறங்கலாம். ராபிட்டும் மாரியோவைத் தூக்கி எறியும், மாரியோவும் ராபிட்டை. தாவல் தனி ஒருவரின் திறமையாக இருந்தது போய், பக்கத்தில் ஆள் இருந்தால்தான் நடக்கும் காரியமாக மாறிவிட்டது. மாரியோ கையிலும் அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று வந்திருக்கிறது, சுடும் கருவி. ஆளுக்கு ஆள் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள்.

இதைச் செய்தவர்கள் யூபிசாஃப்டின் மிலான், பாரிஸ் கிளைகள். படைப்பு இயக்குநர் டாவிடே சொலியானி, இத்தாலியர். 2017 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் ஆட்டத்தை அறிவித்தபோது, மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே மேடைக்கு வந்தார். பார்வையாளர் வரிசையில் இருந்த சொலியானி கண்கலங்கியதைக் கேமரா காட்டியது. செய்தி முன்கூட்டியே கசிந்து, மாரியோவையும் இந்த முயல்களையும் சேர்ப்பதா என்று பலர் முகம் சுளித்திருந்த நேரம் அது. அந்தக் காணொளியை அண்ணன் மகன் எனக்குப் போட்டுக் காட்டினான். தான் நேசித்து வளர்ந்த ஒன்றைத் தன் கையில் கொடுத்து, செய்து காட்டு என்று சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு சண்டையைக் கிட்டத்தில் இருந்து பார்ப்போம்

முதல் உலகத்தின் பெயர் பழங்காலத் தோட்டங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைப் புல், இடிந்த கல் தூண்கள். நம் பக்கம் மூன்று பேர்: மாரியோ, ராபிட் பீச், ராபிட் லூயிஜி. எப்போதும் மூன்று பேர்தான். மூன்று புலிகள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எதிரில் துப்பாக்கி வைத்த சில்லறை ராபிட்கள் மூன்று, பின்னால் பெரிய உருவமாக ஒரு தடியன், கையில் அடிக்கும் ஆயுதத்தோடு. அவனை ஸ்மாஷர் என்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், பெரியவன்தானே ஆபத்து என்று மாரியோவை முன்னால் நகர்த்தி ஸ்மாஷரைச் சுட்டேன். அடி பட்டது. பட்டதும் அவன் திடுதிடுவென்று என் பக்கம் நடந்து வந்துவிட்டான். அது அவன் முறையே இல்லை.

“இது அநியாயம்டா. என் டெர்ன்தானே?”

“அவன் அப்படித்தான் அத்தை. அடிச்சா கிட்ட வருவான். அதனால அவனைக் கடைசியிலதான் அடிக்கணும்.”

அடுத்த முறையில் ஸ்மாஷர் மாரியோவை நசுக்கினான், மற்றவர்கள் சுட்டார்கள், நான்கு முறைக்குள் தோற்றேன். சரி, மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை தொடங்கும் முன் அண்ணன் மகன் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னான். கேமரா மேலே போய் மொத்தக் களத்தையும் காட்டியது. ஒவ்வோர் எதிரி மேலும் வைத்துப் பார்த்தால் அவன் எவ்வளவு தூரம் நகருவான், எவ்வளவு தூரம் சுடுவான் என்று தெரிகிறது. எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. கோலம் போடுவதற்கு முன் புள்ளி வைத்துப் பார்ப்பது மாதிரி, நான் ஐந்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு முறை என்றால் ஒரே ஒரு செயல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் மூன்று வேலை உண்டு: நகர்வது, சுடுவது, தனக்கே உரிய ஒரு வித்தையைச் செய்வது. எந்த வரிசையிலும் செய்யலாம். ஒருவரைப் பாதியில் விட்டு இன்னொருவருக்குப் போய்த் திரும்பி வரலாம். மூன்று பேர், ஆளுக்கு மூன்று, ஆக ஒரு முறைக்குள் ஒன்பது வேலை. ஆட்டத்தின் ருசி முழுவதும் இந்த ஒன்பதையும் எப்படிக் கோக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ராபிட் லூயிஜியில் ஆரம்பித்தேன். நகரும் வழியில் ஓர் எதிரி நின்றால் அவன் மேல் சறுக்கி மோதிவிட்டு, மேற்கொண்டு நகரலாம். ஆக நகர்வதிலேயே ஓர் அடி வந்துவிடுகிறது. மோதிவிட்டுத் தடுப்பின் பின்னால் போய் நின்றான், அங்கிருந்து சுட்டான். ஒரு சில்லறை ராபிட் விழுந்தது.

அடுத்தது மாரியோ. இன்னொரு எதிரி ஓர் உயரமான கல்லுக்குப் பின்னால் இருந்தான். மாரியோ நின்ற இடத்திலிருந்து குறி வைத்தால் திரையில் வரும் எண் 0. அதாவது படாது. மாரியோவை ராபிட் லூயிஜியின் கட்டத்துக்கு அனுப்பினேன், அவன் தூக்கி எறிந்தான், மாரியோ அந்தக் கல்லுக்குப் பக்கவாட்டில் போய் இறங்கினார். இப்போது குறி வைத்தால் எண் 100. துப்பாக்கி மாறவில்லை, எதிரியும் அசையவில்லை. நான் நிற்கும் இடம் மட்டும்தான் மாறியது.

அங்கே எனக்குப் பாட்டி நினைவு வந்தது. தனியாக நிற்கும் ஆட்டின் பின்னால் காலிப் புள்ளி இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். அதே ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலிக்குத் தாண்ட இடமில்லை. ஆட்டுக்குப் பல்லும் இல்லை நகமும் இல்லை, நிற்கிற இடம்தான் அதன் பலம். ஆடுகள் ஒரு புலியைக்கூட வெட்டாமல், சும்மா சூழ்ந்து நின்றே ஜெயிக்கிற ஆட்டம் அது.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக ஆடுபவர்களைப் பயமுறுத்துவது அவைதான். எக்ஸ்காம் மாதிரி ஆட்டங்களில் 65, 85 என்றெல்லாம் வரும். நூற்றுக்கு 85 இருந்தும் குறி தவறினால் மனம் நொந்துவிடும். இங்கே மூன்றே மூன்று எண்கள். எதிரி முழுத் தடுப்பின் பின்னால் இருந்தால் 0, பாதி உயரத் தடுப்பு என்றால் 50, வெட்டவெளி என்றால் 100. ஐம்பது என்பது காசு சுண்டுவது. ஒருவர் மட்டும் சுட்டால் பூவா தலையா. இருவர் சுட்டால் இரண்டுமே தவறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூவரும் சுட்டால் மூன்றுமே தவறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கணக்குப் பாடத்தில் சலித்துக்கொள்ளும் பையன், இதை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொண்டான். தடுப்புகளிலும் நிலையானவை உண்டு, அடி வாங்கி உடைந்துபோகிறவை உண்டு. போன முறை காப்பாற்றிய சுவர் இந்த முறை இல்லாமல் போகலாம்.

சுட்டு முடித்த மாரியோவுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம், அவருடைய வித்தை. அதைப் போட்டுவிட்டால் மாரியோ காவலுக்கு நிற்பார். எதிரியின் முறையில் யாராவது அவர் பார்வைக்குள் நகர்ந்தால், அந்த நொடியே சுடுவார். ஸ்மாஷர் என் முறையில் நகர்ந்ததற்குப் பதிலாக அவன் முறையில் நான் சுடுகிறேன். முறையை மீறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அது யாருக்கு எப்போது கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வகை ஆட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பாடம். வித்தையை ஒரு தடவை பயன்படுத்தினால் சில முறைகள் கழித்துத்தான் மறுபடி கிடைக்கும், அதனால் அவசரப்பட்டுச் செலவழிக்கக் கூடாது.

ராபிட் பீச் பின்னால் நின்று காயம் ஆற்றினாள். ஸ்மாஷரைக் கடைசிக்கு வைத்தேன். அவன் தனியாக நடந்து வந்தபோது மூன்று பேரும் தள்ளித் தள்ளி நின்று முடித்தார்கள். முடிந்ததும் ராபிட் பீச் கைப்பேசியை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்தாள். கோப்பி ஆறிப்போயிருந்தது.

இந்தச் சின்னச் சண்டைகளுக்கு நடுவில் பெரிய ஆட்கள் வருவார்கள். முதல் உலகத்தின் கடைசியில் ராபிட் காங், குரங்கும் முயலும் சேர்ந்த மலை மாதிரி ஓர் உருவம். அடிக்க அடிக்க, வாழைப்பழம் தின்று உயிரை ஏற்றிக்கொள்வான். பழத்தை அவனுக்குக் கிடைக்காமல் செய்வதில்தான் அந்தச் சண்டையே இருக்கிறது. மூன்றாம் உலகத்தில் ஓபரா பாடிக்கொண்டே மாரியோவைக் கிண்டல் செய்யும் ஒரு பேய் ராபிட் வரும். இசை கிராண்ட் கிர்க்ஹோப், ‘பேஞ்சோ கஸூயி’ ஆட்டத்துக்கு இசையமைத்தவர். அந்தப் பாட்டு வந்தபோது நான் ஆடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் முறைதானே, யார் அவசரப்படுத்தப் போகிறார்கள்?

ஆர்பிஜி என்பது

மூன்றாவது சொல்லுக்கு அதிகம் விளக்கம் வேண்டாம். வேடம் எடுத்து ஆடுவது, ஆட ஆட அந்தப் பாத்திரம் வளர்வது. இங்கே நாணயங்கள் சேர்த்துப் புது ஆயுதம் வாங்கலாம், உருண்டைகள் சேர்த்துப் புதுத் திறமை கற்கலாம். திறமைகள் கிளை கிளையாக விரிந்த ஒரு படத்தில் இருக்கும், எந்தக் கிளை என்பது நம் விருப்பம். பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாதிரி கற்றுக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. சில ஆயுதங்களில் தேன் இருக்கும், பட்டவன் ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்பான். சிலவற்றில் தீ இருக்கும், பட்டவன் அலறிக்கொண்டு ஓடி மற்றவர்களுக்கும் பற்ற வைப்பான்.

குறை என்று பார்த்தால், மூன்று பேரில் மாரியோ கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு ராபிட்டும் கட்டாயம். லூயிஜி, பீச், யோஷி மூவரை மட்டும் அனுப்ப ஆசைப்பட்டால் முடியாது. கலப்பைக் காப்பாற்ற ராபிட் வேண்டும் என்பது புரிகிறது, மாரியோவை விடக் கூடாது என்பது எனக்கு ஒத்துவரவில்லை. சண்டைகளுக்கு இடையில் கல்லைத் தள்ளி வழி திறக்கும் புதிர்கள் வருகின்றன. அவை எனக்கு அலுப்பாக இருந்தன, அண்ணன் மகனிடம் கொடுத்துவிடுவேன். எழுத்தெல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். அவன் வாசிக்க, நான் தமிழில் சொல்ல, அதுவும் ஒரு பொழுதாகப் போகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: சண்டை கடினமாக இருந்தால் தொடங்கும் முன்பே ‘எளிது’ என்று ஒரு தெரிவு கேட்கும். தயங்காமல் எடுங்கள். வேகமாக முடித்தால் நாணயம் கொஞ்சம் கூடும், ஆனால் மெதுவாக ஜெயித்தாலும் ஜெயித்ததுதான். இது பிடித்துப்போனால் 2022 அக்டோபர் 20 அன்று வந்த ‘ஸ்பார்க்ஸ் ஆஃப் ஹோப்’ இருக்கிறது. அதில் தரைக் கட்டங்கள் கிடையாது, ஓர் எல்லைக்குள் இஷ்டப்படி நடக்கலாம், மாரியோ கட்டாயமும் போய்விட்டது. பலகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலாவதுதான் நல்ல வாசல் என்பது என் எண்ணம். பட்டியல் வகையைப் பார்க்க ஆசை இருந்தால் ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’. 1996இல் ஸ்குவேர் நிறுவனம் செய்தது, 2023 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதில் அடி விழும் நொடியில் பட்டனைத் தட்டினால் அடி கூடும், ஆக விரலுக்கும் கொஞ்சம் வேலை உண்டு.

போன சனிக்கிழமை பகல் முழுக்க மின்சாரம் இல்லை. ஸ்விட்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டி எடுத்து வந்து தரையில் முக்கோணம் போட்டேன். ரப்பர் கொட்டைக்கு ஜெலுத்தோங்கில் எங்கே போவது, பதினைந்து கச்சான் (நிலக்கடலை) கொட்டைகளை எண்ணி வைத்தேன். புலிக்கு மூன்று பாட்டில் மூடிகள். அவனுக்கு ஆடு. முதல் ஆட்டத்தில் ஏழு ஆடுகளைத் தொடர்ந்து பறிகொடுத்தான். இரண்டாவது ஆட்டத்தில் ஓர் ஆட்டை வைக்கப் போன கை பாதியில் நின்றது. பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அத்தை, இதுக்குப் பின்னால இன்னொரு ஆடு வச்சா, உங்க புலிக்கு ஜீரோதானே?”

“ஆமாம்டா.”

கச்சானை அங்கே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

“உங்க டெர்ன்.”